ஒரு பயணத்துக்கு ஒரு சுருள்

காலையில் ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறி, கதவோரம் இடம் பிடித்து, இயர்போனைச் செருகினால் சமர்செட் வருவதற்குள் ஒரு சுருள் முடிந்துவிடும். ஒரு சுருள் என்பது ஏறக்குறைய அரை மணி நேரம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் பதிவுசெய்து வைத்திருக்கும் பேட்டிகளைத்தான் சொல்கிறேன். ஒலிநாடா காலத்தில் தொடங்கிய வேலை என்பதால், இணையத்துக்கு வந்த பிறகும் சுருள் கணக்கு போகவில்லை. சில பேட்டிகள் மூன்று சுருளில் முடியும், சில இருபதைத் தாண்டும். ஐந்து வருடமாக எனக்குக் காலைப் பேப்பர் இதுதான்.

ஆரம்பித்தது 2020இல். கொரோனாவுக்காகச் சிங்கப்பூரில் ஊரை அடைத்த 'சர்க்கிட் பிரேக்கர்' நேரம், வீட்டில் நாலு பேரும் அடைந்து கிடந்தோம். மகளுக்குப் பள்ளியில், போரின்போது சிங்கப்பூரை ஜப்பான் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் காலத்தைப் பற்றி ஏதோ வேலை கொடுத்திருந்தார்கள். அவள் தேடிப்பிடித்து ஓடவிட்ட குரலை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அவள் வேண்டியதைக் குறித்துக்கொண்டு மூடிவிட்டாள். மறுநாள் அடுத்த சுருளைத் தேடிப் போனது நான்தான்.

காசு எதுவும் இல்லை, உலாவியிலேயே கேட்கலாம். என் பழைய கைப்பேசி மட்டும் திரை அணைந்தால் குரலையும் சேர்த்து அணைத்துவிடும். அதனால் திரையை அணையவிடாமல் கைப்பைக்குள் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போவேன். ஒரு நாள் தோ பாயோ தாண்டும்போது பை உரசி என் மேலாளருக்கு அழைப்பு போய்விட்டது. காலை 7.40க்கு, அதுவும் சனிக்கிழமை. புதுக் கைப்பேசி வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாய்மொழி வரலாற்றுக்கு இங்கே தனிப் பிரிவு தொடங்கியது 1979இல். முதலில் பேசவைத்தது தொழிலதிபர்களையும் அரசியல் பார்த்தவர்களையும்தான். 1981இல் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய திட்டம் வந்தபோது, அந்த மூன்றரை வருடத்தை உயிரோடு தாண்டிய யாரிடமும் சொல்ல ஏதாவது இருந்தது. பிறகு மறைந்துவரும் தொழில்கள், சமூகங்கள் என்று விரிந்து இப்போது 5,000 பேட்டிகளைத் தாண்டியிருக்கிறது. ஆங்கிலம், மாண்டரின், சீனக் கிளைமொழிகள், மலாய், தமிழ் என்று எல்லாம் உண்டு. தமிழ்ப் பேட்டிகள் எண்ணிக்கையில் குறைவு. நம்மவர்கள் பலர் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துத் தேட வேண்டும்.

தேடுவது ஒரு கலை. விவரக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பெயர்களில் 'சாமி' என்ற இரண்டெழுத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஆள் பெயரை விட்டுவிட்டு இடத்தின் பெயரைப் போட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வழி திறந்தது. கடற்படைத் தளம், பொத்தோங் பாசிர், டேங்க் ரோடு, மார்க்கெட் ஸ்ட்ரீட். இந்தக் கடைசிப் பெயரைப் போட்டால் செட்டியார்களின் கிட்டங்கி வரும். ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு சிறு மேசையைப் போட்டு உட்கார்ந்து வட்டித் தொழில் நடத்திய இடம். இன்று அந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

முதல் வருடம் நான் செய்த தப்பு, எழுத்துப்படி இருக்கும் பேட்டிகளைக் கேட்காமல் படித்ததுதான். நேரம் மிச்சம் என்று நினைத்தேன். இரண்டாவது தப்பு, பாட்காஸ்ட்டுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகிய காதோடு இங்கே வந்தது. எண்பது வயதுக்காரர் ஒரு பெயரை ஞாபகப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. சரியாக இரண்டு மாதம் பிடித்தது. அதன் பிறகு அந்த இடைவெளிகளில் பின்னால் இருப்பதெல்லாம் கேட்கத் தொடங்கியது: சுவர்க் கடிகாரம், காக்கை, தூரத்தில் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம். பேட்டி எடுப்பவர் அவசரப்படாமல் காத்திருப்பதும் கேட்கும்.

ஜப்பானியர் காலத்தைப் பேசும் யாருக்கும் மரவள்ளிக்கிழங்கு வராமல் இருக்காது. வாழைமர நோட்டும் அப்படித்தான். ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளி (டாலர்) தாளில் வாழைமரம் இருந்ததால் வந்த பெயர். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லாமல் போனது. பள்ளிப் புத்தகத்தில் அது ஒரு வரி. ஒருவர் வாயால் கேட்கும்போது, அவர் கோபம் ஜப்பான்காரன் மேலா, அந்தத் தாளை நம்பிச் சேர்த்து வைத்த தன் அப்பா மேலா என்று சொல்ல முடியாது.

அப்புறம் சொற்கள். லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்), கித்தா (ரப்பர்), பால்மரம் (ரப்பர் மரம்). என் மகளுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. எனக்கே பாதி, பெரியப்பா வீட்டில் காதில் விழுந்ததுதான். 'காலையில பசியாறிட்டு' என்று யாராவது சொன்னால் இது நம் ஊர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கேட்டுவிட முடியாது. சிலவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும், சிலவற்றைக் கேனிங் ரைஸில் உள்ள காப்பகத்துக்கு நேரில் போய்த்தான் கேட்க முடியும். ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போனேன். குளிர்சாதன அறையில் நல்ல ஹெட்போனோடு கேட்டது ஏனோ எனக்கு ஒட்டவில்லை. ரயிலில் ஆட்டத்தோடு கேட்டே பழகிவிட்டது.

நடுவில் ஆறு மாதம், செதுக்கி எடுத்த வரலாற்றுப் பாட்காஸ்ட்டுகள் பக்கம் போனேன். பாத்திரம் தேய்க்கும்போது அவை நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு தொடரில் மூன்றாவது பகுதியிலேயே எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது: பியானோ தொடங்கினால் யாரோ சாகப் போகிறார்கள். அதற்கப்புறம் கதையை விட்டுவிட்டுப் பியானோவுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். செயலியையே நீக்கிவிட்டேன்.

அமெரிக்காவின் ஸ்டோரிகோர் என்ற பதிவுத் திட்டத்தின் விஷயம் வேறு. 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு கூண்டு வைத்து ஆரம்பித்தார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசலாம். கேள்வி கேட்பவர் நிருபர் இல்லை, பேத்தியாகவோ மனைவியாகவோ இருப்பார். வானொலியில் வருவது சில நிமிடம்தான். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஏற்பாட்டை மட்டும்.

பெரியப்பா 1953இல், பதினைந்து வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் உலர்துறையில் கப்பல் துரு தட்டும் வேலை. நானே முதலில் பதிவு செய்தேன், கேவலமாக வந்தது. தலைக்கு மேல் காற்றாடி, பக்கத்து அறையில் தொலைக்காட்சி, என் கேள்விகள் எல்லாம் 'கஷ்டமா இருந்துச்சா பெரியப்பா?' என்ற ரகம். 'ஆமா' என்றார். வேறு என்ன சொல்வார்?

இரண்டாம் முறை மகளைக் கேட்கவைத்தேன், காற்றாடியை நிறுத்திவிட்டு. அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது, அது பெரிய உதவி. 'தாத்தா, துரு தட்டுறதுன்னா என்ன?' என்றாள். அவர் விளக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் தட்டினார். மெதுவாக இரண்டு, வேகமாக நாலு. 'இது ஒரு ஆளு. இதே மாதிரி ஐம்பது பேர் தட்டினா எப்படி இருக்கும்?' என்று கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். பதிவில் அந்த இடத்தில் ஒலி கரகரக்கும். அவருடைய வலது காது சின்ன வயதிலேயே மந்தமானது ஏன் என்று அன்றைக்குத்தான் நான் யோசித்தேன். இத்தனை வருடமாக எல்லோரும் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறோம்.

பிறகு அதை நானே எழுத்தில் இறக்கிப் பார்த்தேன். 'துரை நல்லவருதான்' என்று ஒரு வரி. மகள் அதைப் படித்துவிட்டு, 'அப்போ அந்த ஆபீசர் நல்லவரா அம்மா?' என்றாள். பதிவை ஓடவிட்டேன். 'நல்லவருதா...ன்' என்று அவர் இழுத்த இழுப்பில் எல்லாம் இருந்தது. எழுத்தில் அதை எப்படிக் கொண்டுவருவது?

சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது, 1971இல் போனார்கள். வேலை போனதைப் பற்றிக் கேட்டால் பெரியப்பா சைக்கிளைப் பற்றித்தான் பேசினார். எல்லோரும் ஒரே சமயத்தில் சைக்கிளை விற்கக் கிளம்பியதால் வாங்க ஆளே இல்லையாம். இவர் கடைசியில் எட்டு வெள்ளிக்குக் கொடுத்தார். எட்டு வெள்ளி என்பதை மூன்று முறை சொல்கிறார். தளத்துக்குள் தொழிலாளர்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன் இப்போது ஈசூன் தொழிற்பேட்டைப் பக்கம் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலில் இருக்கிறார். அவரை இன்றும் பங்குனி உத்திரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சைக்கிள் யாரிடம் போனது என்று பெரியப்பாவுக்கே தெரியாது.

இதைப் படித்துவிட்டுக் கேட்கத் தொடங்கப் போகிறவர்களுக்கு: முதல் சுருள் பிறப்பு, ஊர், பெற்றோர் என்று மெதுவாகப் போகும், சலித்துவிடாதீர்கள். முடியாவிட்டால் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்துப் பிறகு திரும்பி வாருங்கள், நான் அப்படித்தான். வீட்டில் பதிவு செய்தால் அன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பெரியம்மா பேசியதை அப்படி எடுக்காமல் கைப்பேசி மாற்றி, நாற்பது நிமிடத்தைத் தொலைத்தவள் சொல்கிறேன். திரும்பப் பேசச் சொன்னபோது, 'அதான் சொல்லிட்டேனே' என்றுவிட்டார்கள்.

அவர்கள் குரலில் இப்போது என்னிடம் இருப்பது பெரியப்பாவின் பதிவுக் கடைசியில் வரும் ஒரே வரிதான். அவர் சைக்கிளை மூன்றாம் முறையாக விற்றுக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து கேட்கும்: 'போதும், டம்ளரைக் கொடுங்க, புள்ளைங்க இன்னும் பசியாறல.'