ஏற்காடு ஏறும் ஜீப்புக்குக் கூடுதல் வயரிங்: ஃபயர்வாலை எந்த வழியில் தாண்டுவது?

ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டு மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கம்பெனி ஹெட்லைட் மட்டும் போதாது. அதனால்தான் தார், ஜிம்னி, பழைய எஸ்டேட் ஜீப் என்று எல்லாவற்றிலும் ஃபாக் லேம்ப் ஏறுகிறது. பின்னாலேயே வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார்), கம்ப்ரஸர், குட்டி ஃப்ரிட்ஜ். விளக்கு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, அதன் வயர் எஞ்சின் பக்கமிருந்து கேபினுக்குள் நுழையும் இடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வண்டி எரிவதும், மேட் நனைவதும், எலி உள்ளே வருவதும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எந்த வழி நல்லது என்று பார்க்கும் முன் ஒரு கேள்வி: எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டை, அதாவது ஃபயர்வாலை, உண்மையில் எவ்வளவு கரன்ட் தாண்ட வேண்டும்?

55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, மறுபடி விளக்குக்குப் போக 5 மீட்டர் வயர் ஆகும். 1.5 சதுர மி.மீ. வயரில் இந்தச் சுற்றிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். விளக்கு மஞ்சளடிக்கும், சுவிட்ச் சூடாகும். ரிலேயை (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) எஞ்சின் பக்கத்தில், பேட்டரிக்கு அருகிலேயே வைத்து 2.5 சதுர மி.மீ. வயரை நேராக விளக்குக்கு இழுத்தால் இழப்பு இதில் கால்பங்குதான். ஃபயர்வாலைத் தாண்டுவது ரிலே காயிலுக்கான 0.75 சதுர மி.மீ. வயர் மட்டும். அதில் ஓடுவது கால் ஆம்பியர்கூட இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ரிலே காயிலின் ஒரு முனையான 86-க்கு எஞ்சின் பக்க ஃபியூஸ் பாக்ஸிலிருந்து, சாவி போட்டால் மட்டும் வரும் சப்ளையை 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள். மறுமுனையான 85-ஐ உள்ளே கொண்டுபோய், சுவிட்ச் மூலம் பாடி எர்த்தில் சேருங்கள். இப்படிச் செய்தால் தாண்டும் வயர் எர்த் பக்க வயர். நாளைக்கு அது தகட்டில் உரசித் தேய்ந்தாலும் விளக்கு தானாக எரியுமே தவிர, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்காது. சுவிட்சுக்குள் சின்ன பல்பு இருந்தால் அதற்கு மட்டும் உள்ளேயே தனி சப்ளை வேண்டியிருக்கும். வின்ச்சும் அப்படித்தான்: கனமான கேபிள் பேட்டரியோடு வெளியிலேயே நிற்கும், கன்ட்ரோல் வயர் மட்டும் உள்ளே வரும். ஆகவே தடித்த வயர் தாண்ட வேண்டியது உள்ளே உட்காரும் ஃப்ரிட்ஜ், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்கு மட்டுமே.

கம்பெனி குரோமெட் வழியாக

ஒன்றிரண்டு மெல்லிய வயருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மெயின் ஹார்னெஸ், அதாவது வண்டியின் முக்கிய வயர்க் கட்டு, நுழையும் பெரிய ரப்பர் குரோமெட்டில் (துளையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்), பல வண்டிகளில் மூடிய நுனியோடு சின்னக் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியை வயரின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக நறுக்கினால் ரப்பர் வயரை இறுகக் கவ்வும். வெற்றுத் துளைக்கு ரப்பர் மூடி போட்டிருந்தாலும் சரி, அதைத் துளைத்துப் பயன்படுத்தலாம்.

காம்பு இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஸ்க்ரூடிரைவரையோ கூர்மையான கம்பியையோ ஹார்னெஸ் ஓரமாகக் குத்தி ஏற்றுவது பல பட்டறைகளில் நடக்கிறது. உள்ளே போகும் வயர்களில் ஏர்பேக் வயரும் இருக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் வயரும் இருக்கும். ஒன்றின் தோல் கிழிந்தால், ஈரம் ஏறிச் செம்பு பச்சை பிடித்து, பல மாதம் கழித்துத்தான் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது யாருக்கும் காரணம் புரியாது. மழுங்கிய ஸ்வெட்டர் ஊசியை, ஹார்னெஸிலிருந்து விலகி ரப்பரின் ஓரத்தில் விடுங்கள். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அந்த ரப்பர் உப்பிப்போகும்.

புதுத் துளை, புது குரோமெட்

10 அல்லது 16 சதுர மி.மீ. வயர் போக வேண்டுமானால் துளை போடாமல் முடியாது. பழைய மஹிந்திரா ஜீப்பில் தகடு நேராக, எட்டிப் பார்க்கும்படி இருக்கும், வேலை சுலபம். புது வண்டிகளில் தகட்டின் இரு பக்கமும் சத்தம் தடுக்கும் மெத்தை, உள்ளே ஏசி பெட்டி, பிரேக் பூஸ்டர், ஸ்டியரிங் ராடு எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேட்டையும் மெத்தையையும் விலக்கி, முதலில் 3 மி.மீ. துளை மட்டும் போட்டு ஒரு கம்பியை விட்டு மறுபக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் ஸ்டெப் டிரில்லால் பெரிதாக்குங்கள். நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் பறக்காமல் ஒட்டிக்கொள்ளும்.

துளையின் அளவு குரோமெட்டின் வெளி விட்டம் அல்ல, நடுப்பள்ளத்தின் விட்டம். பள்ளத்தின் அகலமும் தகட்டின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். அகலப் பள்ளம் ஒரு மி.மீ. தகட்டில் ஆடி ஆடி, ஒருநாள் கழன்று விழும். அப்புறம் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் பயமாக இருக்கும்: வளைவுக்கு வளைவு எஞ்சின் குலுங்கும்போது தகட்டின் விளிம்பு வயரின் தோலை ஒரே கோட்டில் அறுக்கிறது, கறுப்புத் தோலுக்கு நடுவே செம்பு பளபளக்கிறது. அந்த வயரில் பேட்டரி பக்கம் ஃபியூஸ் இல்லையென்றால், பேட்டரியின் முழு கரன்ட்டும் அந்த ஒரு புள்ளியில் பாயும். தடித்த வயர் எதுவானாலும் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வேண்டும்.

அரத்தால் பிசிறு எடுத்து, ஜிங்க் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே குரோமெட்டை ஏற்றுங்கள். இதைத் தவிர்த்தால் இரண்டு மழைக்காலத்தில் துளையைச் சுற்றித் துரு படரும்.

கேபிள் கிளாண்ட்

எலெக்ட்ரிக்கல் பேனல் சாமான் கடைகளில் கிடைக்கும் நைலான் கிளாண்ட் (இறுக்கினால் கேபிளைச் சுற்றிக் கவ்வும் உறை) தண்ணீரைத் தடுப்பதில் குரோமெட்டைவிட மேல், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிஜி 9 என்ற அளவு கிளாண்டுக்கு சுமார் 15.2 மி.மீ. துளை வேண்டும், 4 முதல் 8 மி.மீ. வரை தடிமனுள்ள ஒரே உருண்டைக் கேபிளை அது கவ்வும். நாலு தனி வயரைச் சேர்த்து நுழைத்தால் நடுவில் இடைவெளி விழும், தண்ணீர் அதன் வழியே இறங்கும். மூன்று, நான்கு சுவிட்ச் வயர் வேண்டுமென்றால் ஒரே உறைக்குள் பல வயர் இருக்கும் மல்டிகோர் கேபிள் ஒன்றை வாங்கி விடுங்கள். இடைவெளியை சிலிக்கானால் அடைப்பதானால் புளிப்பு வாடை அடிக்கும் வகை கூடாது, அதிலுள்ள அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பல்க்ஹெட் கனெக்டர்

தகட்டிலேயே பொருத்தி, இரு பக்கமும் கழற்றி மாட்டும் வகை. பார்க்க மிக நேர்த்தி, விலையும் அதிகம். அடிக்கடி டாஷ்போர்டைக் கழற்றுகிறவருக்கும், ஒரே வண்டியில் எட்டு பத்து இணைப்பு வைத்திருப்பவருக்கும் பொருந்தும். மற்றவர்களுக்குத் தேவையில்லாத செலவு. ஒவ்வொரு முனையும் கிரிம்ப் (வயர்மேல் நசுக்கிப் பிடித்த பிடி) தளர்ந்து சூடாகக்கூடிய இடம். சரியான கிரிம்ப் கருவி இல்லாமல், கட்டிங் பிளேயரால் நசுக்கினால் இது மற்ற எல்லா வழியையும்விட மோசமாகிவிடும். டாய்ச் டிடி என்ற கனெக்டர் வகையின் சாதாரண பின் ஒன்று 13 ஆம்பியர்தான் தாங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கதவு இடுக்கு வழியாக வயர் இழுப்பது பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் வயர் நசுங்கும். பின்பக்க ஃப்ரிட்ஜுக்கு மட்டும், சேஸிஸ் ஓரமாகக் குழாய்க்குள் இழுத்து, தரையின் ரப்பர் மூடி வழியாக மேலே எடுப்பது ஃபயர்வாலைத் துளைப்பதைவிடவே நல்லது. சைலன்சர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

எந்த வழியானாலும், எஞ்சின் பக்கத்தில் வயர் நுழையுமிடத்துக்குச் சற்று முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். வயரை எஞ்சினோடு கட்டாதீர்கள், பாடியோடு கட்டுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் சாதாரண இன்சுலேஷன் டேப் பிசின் உருகி அவிழும். லாரி சாமான் கடைகளில் கிடைக்கும் துணி டேப் தாக்குப்பிடிக்கும். காபி எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டியென்றால் சுண்டுவிரல் அளவு இடைவெளிகூட எலிக்குஞ்சுக்குப் போதும்.

மேட்டைத் திரும்பப் போடுவதற்கு முன் ஒருவர் உள்ளே டார்ச்சோடு குனிந்து பார்க்க, இன்னொருவர் எஞ்சின் பக்கம் நுழைவிடத்தில் ஐந்து நிமிடம் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். செம்மண் சேற்றோடு வரும் வண்டியை வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிக்கும்போது இதைவிடக் கடுமையாகத் தண்ணீர் பாயும். ஒரு சொட்டு தெரிந்தாலும் அன்றைக்கே பிரித்துத் திரும்பப் போடுங்கள். மெத்தை ஈரம் குடித்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாமலே தரைத் தகடு துருப்பிடிக்கும்.