சோஷியல் மீடியா புரபோசல்: இருபது பக்க பிடிஎஃப்பா, வாட்ஸ்அப் ரேட்டா, இரண்டு பக்கக் கடிதமா?

கடை, கிளினிக், பள்ளிக்கூடம் என்று சிறிய, நடுத்தர நிறுவனங்களின் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் பக்கங்களைத் தனியாளாகப் பார்த்துக்கொடுப்பவர்கள் புதுக் கிளையன்ட் பிடிக்க மூன்று விதமாகப் புரபோசல் (என்ன வேலை, என்ன விலை என்று சொல்லும் முன்மொழிவு) அனுப்புகிறார்கள். கேன்வா என்ற டிசைன் ஆப்பில் அழகாகச் செய்த பதினைந்து, இருபது பக்க பிடிஎஃப் ஒன்று. வாட்ஸ்அப்பில் "மாதம் இத்தனை போஸ்ட், இத்தனை ரீல்ஸ், இவ்வளவு ரூபாய்" என்று ஒரே மெசேஜில் முடிப்பது இரண்டாவது. அந்த ஒரு கிளையன்ட்டுக்காகவே உட்கார்ந்து எழுதிய, இரண்டு பக்கம் தாண்டாத கடிதம் மூன்றாவது. மூன்றையும் அனுப்பிப் பார்த்துவிட்டு நான் மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வாட்ஸ்அப் வேகமானது, பிடிஎஃப் பார்க்க எடுப்பாக இருக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: வேலை கிடைத்து மூன்றாவது மாதம், "இதுவும் உங்க வேலைதானே?" என்று கிளையன்ட் கேட்கும்போது, எடுத்துக் காட்ட என்ன எழுத்து இருக்கிறது?

வாட்ஸ்அப் ரேட்

கடை முதலாளிகளுக்கு இது பிடிக்கும். ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம், கல்லாவில் உட்கார்ந்தபடியே பதில் போடலாம். தெரிந்தவர் சொல்லி வந்த வேலை, திறப்பு விழா அன்று மட்டும் ரீல்ஸ் எடுத்துப் போடுவது போன்ற ஒரு நாள் வேலை என்றால் இதுவே போதும். அதற்குப் போய்க் கடிதம் எழுத வேண்டியதில்லை.

மாத வேலைக்கு இது ஆகாது. மெசேஜில் இருப்பது எண்ணிக்கையும் விலையும் மட்டும்தான் என்பதால், கிளையன்ட் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவற்றை மட்டும்தான். உங்கள் ரேட் அப்படியே இன்னும் இரண்டு பேருக்கு ஃபார்வர்ட் ஆகும். இரண்டாயிரம் குறைத்துச் சொன்னவருக்கு வேலை போகும். வேலை உங்களுக்கே வந்தாலும், பேசியதில் பாதி வாய்ஸ் நோட்டில் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதைத் தேடிக் கண்டுபிடித்து, முதலாளிக்குப் போட்டுக் காட்டுவது நடக்கிற காரியமா?

இருபது பக்க பிடிஎஃப்

இதற்கு ஒரு உண்மையான பலம் இருக்கிறது. நீங்கள் சந்தித்துப் பேசியவர் வேறு, முடிவெடுப்பவர்கள் வேறு என்ற இடங்களில், உங்கள் பிடிஎஃப்தான் அந்த அறைக்குள் உங்களுக்காகப் பேசும். ஒரு பள்ளியின் டிரஸ்டிகள், பல டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவமனை, மூன்று பங்குதாரர்கள் இருக்கும் ஓட்டல் போன்றவை இதில் அடங்கும். டிசைன் தெரிந்தவர் என்பதற்கும் அதுவே சான்று.

ஆனால் அதில் பாதிப் பக்கங்கள் யாருக்கு அனுப்பினாலும் ஒன்றுதான். "சோஷியல் மீடியா ஏன் முக்கியம்", "எங்கள் அணுகுமுறை" என்றெல்லாம் வரும். கிளையன்ட் கூப்பிட்டதே அது முக்கியம் என்று தெரிந்துதானே? அப்புறம், அதை அவர் பார்க்கப்போவது போனில். கம்ப்யூட்டர் திரைக்கு ஏற்றபடி படுக்கைவாட்டில் செய்த ஸ்லைடை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க ஐம்பது வயதுக்காரருக்குப் பொறுமை இருக்காது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் விலையைப் பார்ப்பார். ஆக, இவ்வளவு உழைத்தும் அது வாட்ஸ்அப் ரேட் ஆகிவிடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்தை நிரப்புவதற்காக முப்பது நாள் கன்டென்ட் காலண்டரை முழுசாகப் போட்டு அனுப்புகிறார்கள். யோசனை வேலைதான் இந்தத் தொழிலில் விலையுள்ள பகுதி. அதை ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே கொடுத்துவிட்டால், கடையில் இருக்கும் பையனை வைத்து அவர்களே போட்டுக்கொள்வார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு யோசனையை மட்டும் முழுதாக விவரித்துக் காட்டினால் போதும்.

இரண்டு பக்கக் கடிதம்: முதல் பக்கம்

முதல் பக்கம் முழுக்கக் கிளையன்ட்டைப் பற்றியது. நான் யார், எத்தனை வருஷ அனுபவம் என்பதெல்லாம் கடைசி இரண்டு வரிக்குப் போய்விடும். எழுதுவதற்கு முன் அவர்களுடைய பக்கத்தில் சமீபத்திய பதிவுகளை மட்டுமல்ல, அவற்றின் கீழே இருக்கும் கமென்ட்களையும் படிப்பேன். ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதினால் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"உங்கள் பக்கத்தில் கடந்த இரண்டு மாதப் பதிவுகளைப் பார்த்தேன். பட்டுப் புடவை ரீல்ஸுக்குக் கீழே பலர் 'விலை என்ன', 'கூரியர் உண்டா' என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் இல்லை. பயோவில் கடை முகவரியும் வாட்ஸ்அப் எண்ணும் இல்லை. முதல் மாதம் பதிவுகளைக் கூட்டுவதற்கு முன், கேட்பவர்களுக்கு அன்றன்றே பதில் போகும்படி செய்வதுதான் என் முதல் வேலை."

இதைப் படிக்கும் முதலாளிக்கு, வாசல் வரை வந்த வாடிக்கையாளர் திரும்பிப் போயிருக்கிறார் என்று சட்டெனப் புரியும். ரீச், எங்கேஜ்மென்ட் என்று பத்து பக்கம் எழுதினாலும் அந்தப் புரிதல் வராது.

அதற்கு அடுத்து நாள்காட்டி. ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு வீடியோ வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலேயே ஷூட் முடிந்திருக்க வேண்டும், அதற்குச் சரக்கு எப்போது கடைக்கு வரும் என்று அவர்கள் சொல்ல வேண்டும். இந்த ஒரு பத்தி, நீங்கள் அவர்களுடைய வியாபாரத்தின் ஓட்டத்தை அறிந்தவர் என்று காட்டிவிடும்.

என்ன வாக்குக் கொடுப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். "மூன்று மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர்ஸ்" என்று எழுதவே கூடாது. அது நம் கையில் இல்லை. கையில் இருப்பதாகக் காட்ட வேண்டுமென்றால் காசு கொடுத்துப் போலிக் கணக்குகளை வாங்க வேண்டியிருக்கும், அவர்களில் ஒருவர்கூடப் புடவை வாங்கப்போவதில்லை. எத்தனை பதிவு, எவ்வளவு நேரத்துக்குள் பதில், மாதம் எந்தத் தேதியில் ரிப்போர்ட் என்று, நாம் செய்யக்கூடியதை மட்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது பக்கம்தான் உயிர்

விலைக்குக் கீழே மூன்று தலைப்பு வைப்பேன்: இந்தத் தொகையில் சேர்ந்தவை, சேராதவை, உங்களிடமிருந்து எனக்கு வேண்டியவை. கடிதத்தை நான் விரும்புவதற்குக் காரணமே இந்தப் பக்கம்தான்.

"மாதம் 12 போஸ்ட், 4 ரீல்ஸ்" என்பது தெளிவாக இருப்பது போலத் தோன்றும். ஸ்டோரி போஸ்ட் கணக்கில் வருமா? வெள்ளிக்கிழமை வாழ்த்து, விநாயகர் சதுர்த்தி வாழ்த்து அந்தப் பன்னிரண்டில் அடங்குமா, கூடுதலா? ஒரே டிசைனை எத்தனை முறை திருத்தலாம்? ரீல்ஸுக்கு நான் வந்து எடுப்பதா, அவர்கள் போனில் எடுத்து அனுப்புவதா? ராத்திரி பதினோரு மணிக்கு வரும் மெசேஜுக்கு யார் பதில் சொல்வது? இரண்டாவது மாதத்தில் "அப்படியே ஒரு ஃப்ளெக்ஸ் டிசைனும் பண்ணிக் கொடுங்க" என்று ஆரம்பிக்கும். அடுத்து விசிட்டிங் கார்டு, அடுத்து மகளின் கல்யாணப் பத்திரிகை. கேட்பவர் ஏமாற்றுவதற்காகக் கேட்பதில்லை. எல்லை எங்கே என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது புரபோசல்.

அதனால் "சேராதவை" பகுதியை மனத்தாங்கல் வராத மொழியில், ஆனால் விட்டுக்கொடுக்காமல் எழுதுவேன். "அச்சுக்கான டிசைன்கள் இதில் சேராது, தேவைப்பட்டால் தனி விலையில் செய்துதருகிறேன்." "ஒவ்வொரு டிசைனுக்கும் இரண்டு திருத்தம் வரை." "கமென்ட், மெசேஜ்களுக்குக் காலை 10 முதல் மாலை 7 வரை பதில் அளிக்கப்படும், ஞாயிறு விடுமுறை."

விளம்பரச் செலவைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். பல பேர் நம் சம்பளத்துக்குள்ளேயே விளம்பரமும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 10,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட வேண்டுமென்றால் 11,800 ஆகும். அது அவர்களுடைய கார்டிலிருந்தோ யுபிஐ-யிலிருந்தோ நேரடியாகப் போக வேண்டும் என்று எழுதிவிடுங்கள். நம் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே வேண்டாம்.

பாட்டு இன்னொன்று. "அந்தப் புதுப் படப் பாட்டைப் போட்டு ரீல்ஸ் பண்ணுங்க" என்பார்கள். பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு இன்ஸ்டாகிராம் தரும் பாட்டுப் பட்டியல் குறுகியது. சினிமாப் பாட்டு பெரும்பாலும் அதில் இருக்காது, உரிமை இல்லாமல் ஏற்றினால் ஒலி முடக்கப்படலாம். பிசினஸுக்கு அனுமதி உள்ள இசையை மட்டுமே பயன்படுத்துவேன் என்று ஒரு வரி. பிறகு வரும் அரைமணி நேர வாக்குவாதத்தை அந்த வரி தடுக்கும்.

"உங்களிடமிருந்து வேண்டியவை" பகுதியைப் பலர் எழுதுவதே இல்லை. தாமதத்தில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது. புதுச் சரக்கின் படமும் விலையும் எந்தக் கிழமைக்குள் வேண்டும், ஒப்புதல் கொடுக்கப்போகும் ஒரே நபர் யார், இரண்டு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்பதை எழுத்தில் கேளுங்கள். அண்ணன் சரி என்றதைத் தம்பி வேண்டாம் என்று சொல்லும் குடும்பக் கடைகளில் இந்த "ஒரே நபர்" பெரிய நிம்மதி. கணக்கு அனுமதியும் இங்கேதான் வர வேண்டும். பாஸ்வேர்டை வாங்காதீர்கள், பக்கங்களை நிர்வகிக்க மெட்டா தரும் பிசினஸ் சூட் வழியாக உங்களுக்கு அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகும், அவர் அந்த நேரம் பார்த்து மதுரை பஸ்ஸில் இருப்பார். வேலையை விட்டு விலகும் நாளிலும், கணக்கு அவர்களுடையதாகவே இருப்பது இருவருக்கும் நல்லது.

பண விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மாதத் தொடக்கத்தில் அட்வான்ஸ், குறைந்தது மூன்று மாதம், நிறுத்துவதானால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. உங்கள் நிலை அதுவானால் "ஜிஎஸ்டி இல்லை" என்றே எழுதிவிடுங்கள், கணக்குப் பிள்ளை பிறகு கேள்வி கேட்க மாட்டார். கிளையன்ட் ஒரு கம்பெனியாக இருந்தால் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கலாம். தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு வைத்தால் அது 10 சதவீதம். கையில் வரும் தொகையை அதற்கேற்பக் கணக்குப் போட்டுக்கொண்டு விலை சொல்லுங்கள்.

பேசிக், சில்வர் என்று பல பேக்கேஜ் கொடுப்பதா, ஒரே விலையா என்று கேட்டால், நான் ஒரே விலைதான். அந்தக் கடைக்கு எது தேவை என்று முதல் பக்கத்தில் நானே சொல்லிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது பொருந்தாது. விலை அதிகம் என்றால் வேலையைக் குறைத்து விலையைக் குறைப்பேன். அதே வேலைக்கு விலையை மட்டும் குறைக்க மாட்டேன்.

எழுதும் மொழியும் முக்கியம். படிக்கப்போகிறவர் முதலாளி என்றால் தமிழில் எழுதுங்கள். எம்பிஏ படித்துவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்ளும் மகள்தான் முடிவெடுப்பவர் என்றால் ஆங்கிலம் சரி. ஆனால் "சேராதவை" பகுதி எப்படியும் முதலாளிக்குப் புரிய வேண்டும், ஏனென்றால் மூன்றாவது மாதம் போன் போடப்போவது அவர்தான்.

கடிதம் செல்லாத இடங்கள்

ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான அப்வொர்க் தளத்தில் இந்த இரண்டு பக்கம் அப்படியே செல்லாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும், ஒரு கனெக்ட் 15 சென்ட்; பட்டியலில் கிளையன்ட் கண்ணுக்கு முதலில் படுவது உங்கள் கடிதத்தின் முதல் ஓரிரு வரிகள்தான். அங்கே "வணக்கம், எனக்கு ஐந்து வருஷ அனுபவம்" என்று ஆரம்பித்தால் அந்த வரிகள் வீண். முதல் பக்கத்தில் எழுதும் அந்தக் கமென்ட் கவனிப்பை அங்கே முதல் வரியாக வைத்து, மீதியைப் பேச்சு தொடங்கிய பிறகு அனுப்பலாம். வெளிநாட்டுக் கிளையன்ட்களோடு எனக்குப் பழக்கம் கொஞ்சம்தான் என்பதால், இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

மார்க்கெட்டிங் டீமே வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளிலும் நிலைமை வேறு. அவர்கள் பல ஏஜென்சிகளைக் கூப்பிட்டு பிரசென்டேஷன் கேட்பார்கள். அங்கே இரண்டு தாளோடு போய் நின்றால் ஆயத்தமில்லாமல் வந்ததாகத்தான் தெரியும். பிடிஎஃப்பே செய்யுங்கள், ஆனால் கடைசி இரண்டு ஸ்லைடில் சேர்ந்தவை, சேராதவை கட்டாயம் இருக்கட்டும்.

மற்ற எல்லா இடத்துக்கும் கடிதத்தை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள். எழுத்து போனில் பெரிதாக்காமல் படிக்கும் அளவில் இருக்கட்டும். கூடவே "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடட்டுமா சார்?" என்று ஒரு வரி. கூப்பிடும்போது விலையிலிருந்து ஆரம்பிக்காமல், "சேராதவை பார்த்தீங்களா, அதில் ஏதாவது உங்களுக்கு அவசியமா வேணுமா?" என்று கேளுங்கள். அவருக்கு உண்மையில் என்ன தேவை என்பது அந்தப் பதிலில்தான் வெளியே வரும், விலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.