வழுக்கும் பந்துக்கு எது மருந்து: சோப்பா, ஸ்பிரிட்டா, உப்புத்தாளா?

கம்பிகளில் கோத்த பொம்மைகளைச் சுழற்றி மேசைமேல் ஆடும் டேபிள் ஃபுட்பாலில், பந்து கறுத்துப்போனால்கூட ஆடிவிடலாம். வழுவழுப்பாகிவிட்டால் ஆட முடியாது. பொம்மையின் காலடியில் அழுத்தினால் பந்து அங்கேயே நிற்க வேண்டும். நழுவி எதிராளியிடம் ஓடுகிறதென்றால், அதன் மேல்தோல் தேய்ந்து பளபளத்துவிட்டது என்று பொருள். அதன்மேல் கைப்பிசுக்கும் தூசியும் கம்பிகளுக்குப் போடும் சிலிக்கோன் எண்ணெயும் படிந்துகொள்கின்றன. எங்கள் அலுவலக ஓய்வறை மேசையைப் பராமரிப்பது நான்தான். பந்தைத் தேற்ற எல்லோரும் சொல்லும் மூன்று வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் சோப்பு. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தை நான்கு சொட்டு விட்டு, பந்துகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் தண்ணீர் சாம்பல் நிறமாகும். கைப்பிசுக்குக்கு இது போதும். கட்டி சோப்பு வேண்டாம். சரியாக அலசாவிட்டால் அதுவே ஒரு படலமாகத் தங்கி வழுக்கும்.

ஸ்பிரிட் வேகமானது. பஞ்சில் நனைத்துத் துடைத்தால் ஒரு நிமிடத்தில் உலர்ந்துவிடும், அடுத்த ஆட்டத்துக்கு பந்து தயார். இடைவேளையில் இதைவிட வசதியான வழி கிடையாது. ஆனால் சிலிக்கோன் எண்ணெய் சோப்புக்கும் சரி, ஸ்பிரிட்டுக்கும் சரி, எளிதில் மசியாது. ஆகவே கம்பியில் வழியும் எண்ணெயைத் துடைக்காமல் பந்தை மட்டும் துடைப்பது வீண் வேலை. ஸ்பிரிட் இல்லையென்று கை சானிடைசரை எடுக்காதீர்கள். அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் ஆகாது. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பல வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும்.

சோப்பும் ஸ்பிரிட்டும் அழுக்கை எடுக்கும், அவ்வளவே. போன சொரசொரப்பைத் திருப்பித் தருவது உப்புத்தாள் மட்டும்தான். ஹார்டுவேர் கடையில் 400 எண் வாட்டர் பேப்பர் கேளுங்கள். அதைக் கையளவு கிழித்து, நனைத்து, உள்ளங்கையில் குழிவாக வைத்து, பந்தை அதற்குள் போட்டு மறு உள்ளங்கையால் மூடி உருட்ட வேண்டும். உருண்டை பிடிப்பதைப் போல வட்டமாக, திசை மாற்றி மாற்றி. ஒரே பக்கம் தேய்த்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். முப்பது நொடியில் பளபளப்பு மங்கி, சுண்ணாம்பு பூசிய சுவர்போல ஒரு மந்தமான வெண்மை வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். நான் முதல்முறை ஆசைப்பட்டு ஐந்து நிமிடம் தேய்த்தேன். ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து கண்ணுக்குத் தெரியாமல் கோணிப்போய், மேசையில் நேராக ஓட மறுத்துவிட்டது. 120 எண் போன்ற முரட்டுத் தாள் இன்னும் மோசம். ஆழமான கீறல்களில் அழுக்கு சீக்கிரம் அடையும்.

என் தேர்வு இதுதான்: வாரம் ஒருமுறை சோப்பு, அவசரத்துக்கு ஸ்பிரிட், பந்து காலடியில் நிற்காதபோது மட்டும் உப்புத்தாள். சோப்பால் கழுவாமல் உப்புத்தாளைத் தொடவே கூடாது. பிசுக்கு தாளின் மணலை அடைத்துவிடும்.

தக்கைப் பந்துக்கு இந்த வரிசை பொருந்தாது. பிரான்சின் பொன்சினி நிறுவன மேசையில் வழக்கமாக ஆடுவது தக்கைப் பந்தால். பந்தைக் காலடியில் கவ்விப் பிடித்து ஆடும் அந்த ஊர் ஆட்டத்துக்கு அதன் பிடிமானம்தான் உயிர். அதை நீரில் ஊறப்போடக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு மெல்லிய தாளால் உலர்வாகவே இரண்டு சுற்று உருட்டினால் போதும்.

கேரம் ஆடிப் பழகியவர்கள் கை தன்னாலேயே போரிக் பவுடர் டப்பாவைத் தேடும். இங்கே அதைத் தூவிவிடாதீர்கள். கேரம் பலகையில் காய் வழுக்கி ஓட வேண்டும். இங்கே பந்து காலில் ஒட்ட வேண்டும்.

மூன்று வழிக்கும் மசியாத பந்தும் உண்டு. ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சாய்த்து வைத்து அதன்மேல் பந்தை உருட்டிப் பாருங்கள். நேராக இறங்கினால் தேற்றலாம். தத்தித் தத்தி ஒருபக்கமாக விலகினாலோ, நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் தெரிந்தாலோ, அதை எடுத்து வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.