ரஷ்ய நாவல்களை ரூபிள் கணக்கோடு படிக்கவைக்கும் ஆன்லைன் வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரலாம், ஆனால் ‘அன்னா கரேனினா’வுக்காக மட்டும் சேர வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாவல்களையும் அவை எழுதப்பட்ட சமூகத்தையும் சேர்த்து நடத்தும் வாராந்திர வகுப்பு இது, ஆங்கிலத்தில். நடத்துகிறவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை, பாராட்டினால் விளம்பரம் என்பீர்கள், கீழே கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது. நாலு நாவல்: கோகோலின் ‘இறந்த ஆன்மாக்கள்’, துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’, தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’.

ரஷ்ய நாவல் என்றாலே ஆன்மா, துயரம், மானுட மேன்மை என்று பேசியே பழகிய நமக்கு இந்த ஆசிரியர் கொஞ்சம் அதிர்ச்சி தருவார். அவர் வரலாறு படித்தவர், இலக்கியக்காரர் அல்ல. கோகோலை எடுத்ததும் நேராக வரி விவகாரத்துக்குப் போய்விட்டார். பண்ணையடிமைகளில் ஆண்களை எண்ணித்தான் பண்ணையாரிடம் தலைவரி வாங்குவார்கள், அந்தக் கணக்கெடுப்பு பல வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், நடுவில் ஒருவன் செத்துப்போனாலும் அடுத்த கணக்கெடுப்பு வரை பட்டியலில் அவன் உயிரோடுதான் இருப்பான், அவனுக்கும் வரி கட்டித்தான் ஆக வேண்டும். 1842-இல் வந்த அந்த நாவலின் சிச்சிகவ் இந்தச் செத்தவர்களின் பெயர்களைச் சல்லிசாக வாங்கி, உயிருள்ள ஆட்கள் மாதிரி அரசாங்கத்திடம் அடமானம் வைத்துப் பணம் பண்ணப் பார்க்கிறான். இது புரிந்த பிறகு, பண்ணையார் சபாகேவிச் அவனிடம் பேரம் பேசும் இடத்தைப் படித்துப் பாருங்கள். செத்துப்போன வண்டி செய்கிறவனையும் தச்சனையும் செருப்புத் தைப்பவனையும், இவனைப் போல வேலைக்காரன் உண்டா என்று ஒவ்வொருவராகப் புகழ்ந்து தலைக்கு 100 ரூபிள் கேட்டு, கடைசியில் இரண்டரை ரூபிளுக்கு இறங்கி வருகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

துர்கனேவ் வகுப்பு சுமார். நாவலின் நாயகன் பஸாரவைப் பற்றி எல்லோரும் சொல்வதையே சொன்னார்கள். கதை 1859-இல் நடக்கிறது, புத்தகம் 1862-இல் வந்தது, நடுவில் 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது, அதனால் முதல் வாசகர்கள் அந்த முறை ஒழிந்தது தெரிந்தே படித்தார்கள் என்ற ஒரு விஷயத்துக்காக அந்த வாரத்தை மன்னிக்கலாம்.

உண்மையில் காசு கொடுத்ததற்குப் பலன் கிடைத்தது ‘குற்றமும் தண்டனையும்’ வாரங்களில். நாயகன் ராஸ்கோல்னிகவ், பின்னால் தான் கோடாரியால் கொல்லப்போகும் அடகுக்காரக் கிழவியிடம் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை அடகு வைக்கப் போகிறான் இல்லையா, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாதி வகுப்பை நடத்தினார். இவன் 4 ரூபிள் கேட்கிறான், அவள் ஒன்றரைக்கு மேல் தர மாட்டேன் என்கிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி (100 கோபெக் ஒரு ரூபிள்), அதையும் முன்னாடியே பிடித்துக்கொள்வாள். ஒன்றரை ரூபிளுக்கு 15 கோபெக், ஏற்கெனவே வாங்கிய 2 ரூபிளுக்கு 20, ஆக 35 போக அவன் கையில் விழுவது 1 ரூபிள் 15 கோபெக். நம்ம பத்து வட்டிதான், அப்படியே! நாவல் ஆரம்பித்துச் சில பக்கங்களுக்குள் இந்தக் கணக்கு வந்துவிடுகிறது, நான் முன்பு படித்தபோது கோடாரி எப்போது வரும் என்று அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன். அப்புறம் மார்மெலாதவ், ஜார் மன்னர் பீட்டர் 1722-இல் அரசுப் பதவிகளுக்குப் போட்ட 14 படிநிலைப் பட்டியலில் ஒன்பதாம் படியில் இருக்கும் குமாஸ்தா, வேலை போனால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். மகள் சோன்யா வாங்கும் மஞ்சள் சீட்டு, பாலியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்து போலீஸ் தந்த அடையாளச் சீட்டு. விடுதலையான விவசாயி நிலத்துக்காக அரசாங்கத்துக்கு 49 வருஷத் தவணை கட்ட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், இந்த நாவலில் கடன் இல்லாத ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

கோகோலுக்கு விமர்சகர் பெலின்ஸ்கி எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்ததும் குற்றப்பத்திரிகையில் சேர, தஸ்தயெவ்ஸ்கி 1849-இல் மரணதண்டனை மேடை வரை போய், கடைசி நிமிடத்தில் அது ரத்தாகி, சைபீரியாவில் 4 வருஷம் கடுங்காவலில் கிடந்தார். இதைக் கோகோல் வாரத்திலேயே சொல்லிவைத்து, இங்கே திரும்ப இழுத்துக் கட்டியது நல்ல திட்டமிடல்.

இனி திட்டு. இருப்பதிலேயே பெரிய நாவலைக் கடைசியில் வைத்து, மிச்சமிருந்த நேரத்தில் அள்ளிப்போட்டுத் திணித்துவிட்டார்கள். விவாகரத்துச் சட்டம் வரைக்கும் அருமை: திருச்சபை விதிப்படி தப்பு யார் மேல் நிரூபணமாகிறதோ அவர் மறுமணம் செய்ய முடியாது, கள்ள உறவுக்குக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். ஆகவே அன்னா மறுமணம் செய்ய வேண்டுமென்றால் தப்பே செய்யாத அவள் கணவன் கரேனின் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் அந்த ஆளை வெறும் கல்நெஞ்சன் என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். சரி, நாவலின் இன்னொரு நாயகனான பண்ணையார் லெவின் எங்கே? விவசாயிகளோடு புல்லறுக்கும் அத்தியாயம், 1864-இல் வந்த உள்ளாட்சி அமைப்புகள் மேல் அவனுக்கு வந்த சலிப்பு, பிரபுக்களின் மாகாணத் தேர்தல், எல்லாம் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’. சமூகப் பின்னணி என்று விளம்பரம் செய்துவிட்டு, பாதி சமூகம் இருக்கிற இடத்தையே தள்ளிவிட்டுப் போவது என்ன நியாயம்? 1877-இல் கடைசிப் பாகத்தைப் போட மறுத்த பத்திரிகை ஆசிரியர் கத்கோவோடு டால்ஸ்டாய்க்கு வந்த சண்டைக்கும் நேரமில்லையாம்.

மற்றபடி, வகுப்புப் பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடுகின்றன, கொடுக்கும் பிடிஎஃப்கள் கோணல்மாணலாக ஸ்கேன் செய்தவை. ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும் குழப்பத்துக்கு அவர்கள் தரும் பெயர்ப் பட்டியல் மட்டும் தங்கம், அச்செடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் படித்துக்கொண்டும் சேரலாம், தஸ்தயெவ்ஸ்கிக்கு நான் எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பைத்தான் வைத்துக்கொண்டேன். பக்க எண் ஒத்துவராது, அத்தியாய எண் கேட்டால் உடனே சொல்கிறார்கள்.

அடுத்த சுற்றில் கோன்சரோவின் ‘ஒப்லோமவ்’ நாவலையும் சேர்க்கப் போகிறார்களாம். அந்த வாரங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.