பிரேமுக்கு எட்டு, சிங்கத்துக்குச் சைபர்

பிரேமிலிருந்து தொடங்குகிறேன். குறை சொல்ல முடியாத பகுதி அது ஒன்றுதான். தேக்கு நிறம், இரண்டு அங்குல அகலம். மூலைகளில் சட்டங்கள் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாது. பின்பக்கம் கெட்டியான பலகை, மாட்டுவதற்குப் பித்தளை வளையம். உள்ளே இருக்கும் தாளும் நல்ல தடிப்பு. கண்ணாடி போடுமுன் விரலால் தடவிப் பார்த்தேன், பருத்தித் துணி மாதிரிச் சொரசொரத்தது. முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் புரூஃப் பார்த்தவன் நான். தாளைத் தொட்டுப் பார்க்காமல் எழுத்தைப் பார்க்க வராது.

எழுத்தைப் பார்த்ததும்தான் பிரச்சினை தொடங்கியது.

கடை கொழும்பில், காலி வீதியோரம் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. குவளையில் படம் அச்சடிப்பது, பிறந்தநாள் டிசேட் அடிப்பது எல்லாம் செய்கிறார்கள். அவற்றோடு 'குடும்பப் பெயர் வரலாற்றுப் பட்டயம்' என்று ஒன்றும் விற்கிறார்கள். உங்கள் குடும்பப் பெயரைக் கொடுத்தால் அது எங்கே தோன்றியது, எங்கெல்லாம் பரவியது, வம்சச் சின்னம் எது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சடித்துப் பிரேம் போட்டுத் தருவார்கள். விலை 8,500 ரூபா. இரண்டு கிழமை என்றார்கள், மூன்றாயிற்று.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அக்கா குடும்பம் இருப்பது இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில். எங்கள் ஆட்கள் அங்கே நிறையப் பேர். சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அக்காவும் போவாள், திருநீற்றோடு. மருமகள் மேல்படிப்புக்கு மிலானுக்குப் போனாள், அங்கேயே ஒரு பொடியனைப் பிடித்துவிட்டாள். நல்ல பிள்ளை. ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறான். அவனுடைய குடும்பப் பெயர்தான் விசேஷம்: கொலம்போ.

கொழும்பில் இருக்கிற தாய்மாமனுக்கு இதைவிட நல்ல சாட்டு கிடைக்குமா? சீரோடு சீராக இதையும் கொடுப்போம் என்று நினைத்தேன்.

கடையில் கணினிக்கு முன்னால் இருந்த தம்பி மரியாதையானவர். கொலம்போ என்றதும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்திலேயே மருமகளுக்கும் ஒன்று செய்யலாமே என்று அவளுடைய கடவுச்சீட்டில் உள்ளபடி 'சிவசுப்பிரமணியம்' என்றேன். தேடினார், திரும்பவும் தேடினார். "இது சிஸ்டத்தில இல்லை ஐயா. வேற ஏதும் குடும்பப் பெயர் இருக்கா?" என்று கேட்டார். அது குடும்பப் பெயரே இல்லைத் தம்பி, அவளுடைய அப்பாவின் பெயர் என்றேன். தமிழ்ப் பிள்ளைதான், சிரித்தார். அவருக்கும் அதே கதைதானே.

சரி, பட்டயத்துக்கு வருவோம். நடுவில் ஒரு கேடயம், கேடயத்துக்குள் பின்காலில் நிற்கும் சிங்கம், மேலே இரும்புத் தலைக்கவசம். கீழே தமிழில் இப்படி இருந்தது: கொலம்போ ஓர் உயர்குடிப் 'பறம்பரை'. அமெரிக்காவைக் கண்டடைந்த கிறிஸ்டோபர் கொலம்பசின் வழி வந்தவர்கள். ஜெனோவாவில் அவர்களுக்கு 'மாழிகைகள்' இருந்தன. கடைசி வரி அப்படியே: "ஆசியாவில் இலங்கையின் தலைநகரும் இக்குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது."

றகரத்தையும் ழகரத்தையும் மன்னித்தாலும் அந்தக் கடைசி வரியை மன்னிக்க முடியவில்லை. இபன் பதூதா என்ற மொரோக்கோ நாட்டுப் பயணி 1344இல் இங்கே வந்து இந்த ஊரைக் 'கலன்பு' என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். கொலம்பஸ் பிறந்தது 1451இல். போர்த்துக்கீசர் இந்தத் தீவுக்கு வந்தது 1505இல். அடுத்த வருடமே கொலம்பஸ் ஸ்பெயினில் இறந்துபோனார், நம்முடைய கடலைக் கண்ணாலும் காணாமல். களனி ஆற்றுத் துறையிலிருந்து வந்த பெயர் என்பார்கள், இலை மட்டும் காட்டிக் காய்க்காத மாமரத்திலிருந்து வந்த சிங்களப் பெயர் என்பார்கள். எப்படி வந்திருந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்கு அதில் பங்கில்லை. ஊருக்கு வெளியே இருந்து வந்த தகவல் என்றால் பரவாயில்லை. காலி வீதியில் உட்கார்ந்துகொண்டு இதை அச்சடித்திருக்கிறார்கள். அதுவும் தலைநகர் என்று! சட்டப்படி தலைநகரான ஸ்ரீ ஜெயவர்தனபுரக் கோட்டைக்காரர் கண்டால் என்ன சொல்வார்கள்?

அனுப்புவதற்கு முன் மருமகளுக்கு வீடியோவில் காட்டினேன். பக்கத்தில் மாப்பிள்ளையும் இருந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். அவள்தான் கேட்டாள்: "மாமா, உந்தச் சிங்கம் என்னத்துக்கு? அவையின்ர பேரின்ர அர்த்தமே புறாவெல்லோ."

அன்று அவர்கள் சொன்னதையும், பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன். 8,500 ரூபாவுக்கு அந்தத் தாளில் இதுதான் இருந்திருக்க வேண்டும்.

கொலம்போ என்றால் இத்தாலிய மொழியில் புறா, லத்தீனில் கொலும்புஸ். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்குப் பெயராகவே வைத்தார்கள், தூய ஆவியின் சின்னம் என்பதால். அப்படி ஒரு பாட்டனுக்கு இருந்த பெயர் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகி வந்த வீடுகள் உண்டு. புறா வளர்த்தவனுக்கோ விற்றவனுக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயராகவும் சில இடங்களில் தொடங்கியிருக்கலாம். ஜெனோவாக் கொலம்பசின் தகப்பன் கம்பளி நெய்தவர், மாளிகைக்காரர் இல்லை. மகனுடைய சந்ததி ஸ்பெயினுக்குப் போய்க் கொலோன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. வெராகுவாப் பிரபு என்ற பட்டம் இன்றைக்கும் அந்த வழியில் இருக்கிறது. மிலானில் பேக்கரி வைத்திருக்கும் கொலம்போவுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனித்தான் விஷயம். மிலானில் கா கிராண்டா, அதாவது பெரிய வீடு, என்று ஒரு பழைய ஆஸ்பத்திரி. 1456இல் பிரான்செஸ்கோ ஸ்போர்சா என்ற பிரபு கட்டத் தொடங்கியது. அதன் சின்னம் புறா. வளர்க்க முடியாத பிள்ளைகளை இரவில் கொண்டுவந்து விடுவதற்கு அந்தக் காலத்தில் சுவரில் ஒரு சுழலும் பெட்டி இருக்கும். தாய் வெளியே நின்று குழந்தையை வைத்துச் சுற்றிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், முகம் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு வைத்த குடும்பப் பெயர்தான் கொலம்போ. அப்பா பெயர் இல்லை, ஆகவே வீட்டுச் சின்னத்தின் பெயர். ஒரே பெயரைக் கொடுத்தால் ஆளை எங்கேயும் அடையாளம் கண்டுவிடுகிறார்கள் என்று 1825இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். அதற்குள் அந்தப் பக்கம் முழுக்கக் கொலம்போ ஆகிவிட்டது.

சில தாய்மார் குழந்தையின் துணிக்குள் ஏதாவது ஒரு பொருளில் பாதியை வைப்பார்களாம். சாமிப் படத்தைக் குறுக்கே கிழித்துப் பாதி, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டில் பாதி, பதக்கத்தில் பாதி. என்றைக்காவது வந்து மற்றப் பாதியைப் பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம் என்று. மாப்பிள்ளை இதைச் சொல்லும்போது கையால் கிழித்துக் காட்டினான். கொடுக்கிற பட்டயத்தில் இந்தப் பாதிச் சீட்டைப் போட்டிருந்தால் நான் இரட்டை விலை கொடுத்திருப்பேன்.

அந்தக் கட்டடம் இப்போது மிலான் அரச பல்கலைக்கழகம். மருமகள் படித்ததும் அங்கேதான், இருவரும் சந்தித்ததும் அங்கேதான்.

பெயர் பரவியிருக்கும் விதமும் இதை ஒட்டியே போகிறது. இத்தாலி முழுக்க எண்ணினால் முதலில் வருவது ரோஸ்ஸி, சிவப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே அதே சிவப்பன் ருஸ்ஸோ ஆகிவிடுவான். கொலம்போ அப்படி நாடு முழுக்கக் கிடையாது. லொம்பார்டியில் மிலான், மொன்சா, கோமோ, லெக்கோ, வரேசே என்று ஒரு வட்டத்துக்குள் அடர்ந்து கிடக்கிறது. அக்கா இத்தனை வருடம் பலெர்மோவில் இருந்தும் சம்பந்தியைத் தவிர ஒரு கொலம்போவையும் கண்டதில்லை. நேப்பிள்ஸ் பக்கம் இதே மாதிரிப் பிள்ளைகளுக்கு எஸ்பொசீத்தோ என்று பெயர், வெளியே விடப்பட்டவன் என்று அர்த்தம். புளோரன்சில் இன்னொசென்தி, மாசற்றவர்கள். இந்த மூன்றிலும் எனக்குப் புறாதான் பிடித்திருக்கிறது. அங்கேதான் பிள்ளையின் நெற்றியில் நடந்ததை எழுதி ஒட்டவில்லை.

வம்சச் சின்னம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அப்படிக் கேடயமும் சிங்கமும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியவை. அதே குடும்பப் பெயருள்ள எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னம் என்று கிடையாது. இத்தாலியில் 1948 அரசியலமைப்பே பிரபுப் பட்டங்களை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. கடையில் மாதிரிக்கு மாட்டியிருந்த 'பெரேரா' பட்டயத்திலும் இதே சிங்கம்தான், நிறம் மட்டும் நீலம். பெரேரா என்றால் போர்த்துக்கீச மொழியில் பேரிக்காய் மரம். ஒரு காயையாவது வரைந்திருக்கலாம்.

இதற்கிடையில் என் மண்டைக்குள் ஓடியது வேறு. பழைய இத்தாலியிலும் நம்மைப்போல அப்பா பெயர்தான். இன்னாருடைய மகன் இன்னார். 1563இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவை முடிந்த பிறகு கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேடு கட்டாயமாயிற்று, பெயர்கள் அப்படியே உறைந்துபோயின. ஜொவான்னியின் மகன் தி ஜொவான்னி என்று எழுதப்பட்டான், அவன் பேரனும் அப்படியே. இன்றைக்கு அதே காரியம் எங்கள் வீட்டில் நடக்கிறது. அத்தான் சிவசுப்பிரமணியத்துக்கு அது அவருடைய சொந்தப் பெயர். மகளுக்கு இத்தாலியில் அது குடும்பப் பெயர். அவளுடைய வரி இலக்கத்தின் முதல் மூன்று எழுத்துகள் எஸ், வி, எஸ். குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகளை எடுத்துத்தான் அங்கே அதைத் தொடங்குவார்கள். கல்யாணம் கட்டினாலும் அங்கே பெண்கள் தங்கள் பெயரோடுதான் இருப்பார்கள், மாப்பிள்ளையின் தாய் இன்னும் பிரம்பில்லாதான். 2022இல் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, பெற்றோர் வேறுமாதிரி ஒத்துக்கொண்டாலொழிய, பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பேரின் குடும்பப் பெயரும் வரும். கொலம்போ சிவசுப்பிரமணியம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை இடாப்பு வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

பட்டயத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். காசு திரும்பாது என்றார்கள், ஒப்பந்தத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம். ஆனால் திருத்தி அச்சடித்துத் தருவோம், மேலதிகமாக 1,500 ரூபா என்றார்கள். வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். தம்பி ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டினார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். சிங்கத்தை எடுக்கச் சொன்னதற்குத்தான் தயங்கினார். "எடுத்தா நடுவில வெறுமையாத் தெரியும் ஐயா." புறாவைப் போடுங்கள் என்றேன்.

ஐந்து நாள் கழித்து வந்தது. வாசகம் சுத்தம். புறாவைப் பார்த்ததும் எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று தோன்றியது. சிறகு விரித்து, இடப்பக்கம் திரும்பி, அலகில் ஒரு சிறு கிளை. பிறகு பிடிபட்டது. எங்கள் பத்திரிகையில் கிறிஸ்தவ மரண அறிவித்தல்களின் வலது மூலையில் போடுவோமே, அதே புறா. ஆயிரம் தடவையாவது அதற்குக் கீழே திகதி சரிபார்த்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியவரப் போவதில்லை என்பதால் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அக்காவுக்கும் சொல்லவில்லை.

பொதி கட்டிய விதம் நன்று. இரண்டு சுற்றுக் குமிழித்தாள், மூலைகளுக்கு அட்டை. மிலானுக்குக் கண்ணாடி உடையாமல் போய்ச் சேர்ந்தது. ஆகவே பிரேமுக்குப் பத்துக்கு எட்டு, பொதிக்கு ஒன்பது, சிங்கத்துக்குச் சைபர். உங்களுக்கு இப்படி ஒன்று வேண்டுமென்றால் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், பிரேமுக்கு மட்டும் அவர்களை நம்பலாம்.

ஒரு விஷயம், ரசீதையும் அங்கேயே வைத்து வாசித்துவிடுங்கள். என்னிடம் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை, வெறுமையாக விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரு. கொலம்போ, வெள்ளவத்தை என்று இருக்கிறது.