ஏற்காட்டுக்கு இரண்டு சைக்கிள், ஒரு சின்னக் கார்: டிக்கிக்குப் பின்னாலா, கூரை மேலா, உள்ளேயா?

மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நானும் மகளும் ஏற்காட்டில் சைக்கிள் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. ஏரிக்கரையில் புறப்பட்டு, காபித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே வளைந்து, மறுபடி ஏரிக்கே வந்து சேரும் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏற அவளுக்கு இன்னும் தெம்பு வரவில்லை, 13 வயதுதான். விடுமுறை நாள் வண்டிக் கூட்டத்துக்கு நடுவே அந்த ஏற்றத்தில் அவளை விட எனக்கும் துணிவில்லை. அதனால் மேலே போய்ச் சேரும் வரை சைக்கிள்கள் காரில் வருகின்றன.

கார் ஸ்விஃப்ட். நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டி, 268 லிட்டர் டிக்கி. ஒன்றரை வருடத்தில் டிக்கி ஸ்டாண்டு, கூரை கேரியர் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது சைக்கிள்களின் சக்கரங்களைக் கழற்றி உள்ளேயே வைத்துக் கொண்டுபோகிறோம். என் ஓட்டு இதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை, எத்தனை சைக்கிள் ஏறும் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் பார்ப்பது ஒரே விஷயம்: சைக்கிளின் பாரம் காரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? சமதரையில் இந்தக் கேள்வி பெரிதாகத் தெரியாது. மலையில் அதுதான் எல்லாம்.

முதலில் டிக்கி ஸ்டாண்டு. நண்பரிடம் இரவல் வாங்கியது. டிக்கிக் கதவின் மேல் விளிம்பில் இரண்டு கொக்கி, பக்கத்தில் இரண்டு, அடியில் இரண்டு, ஆறையும் இழுத்துப் பிடிக்கும் பெல்ட்டுகள். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், சில ஆயிரம் ரூபாய்தான், மடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். அதனால்தான் எல்லோரும் முதலில் இதைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

என் சைக்கிள் 15 கிலோ, மகளுடையது 13, ஸ்டாண்டு ஒரு 4. மொத்தம் 32 கிலோ, கதவை ஒட்டி அல்ல, கதவிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது. குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்த 32 கிலோ குதிக்கிறது. அதைத் தாங்குவது கதவு விளிம்பின் மெல்லிய தகடு. ஸ்விஃப்ட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. கதவின் உச்சியில் இருக்கும் ஸ்பாய்லர் பிளாஸ்டிக். அதன் மேல் கொக்கியின் பாரம் விழக்கூடாது. தகட்டைப் பிடிக்கும் இடம் தேடித்தான் கொக்கியை மாட்ட வேண்டும்.

முதல் பயணத்தில் சேலம் அஸ்தம்பட்டி தாண்டியதும் ஒரு முறை நிறுத்திப் பெல்ட்டை இறுக்கினேன். அடிவாரத்தில் இன்னொரு முறை. பாதி மலை ஏறியிருப்போம், பின்னாலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம். வளைவு தாண்டி ஓரம் கட்டிப் பார்த்தால், மேல் பெல்ட் ஒன்று ஒரு விரல் நுழையும் அளவு தளர்ந்திருந்தது. பெல்ட் அறவில்லை, பக்கிள் நழுவவில்லை. ஸ்டாண்டின் ஸ்பாஞ்சு அழுந்தியிருக்கிறது, கொக்கி ஒரு துளி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தளர்வு போதும், ஸ்டாண்டு ஆடத் தொடங்கிவிடும். ஆட ஆட இன்னும் தளரும். லாரிக்காரர்கள் லோடு கட்டிப் புறப்பட்டால் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திக் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். சேலத்தில் வளர்ந்த எனக்கு அது தினமும் கண்ணில் பட்ட காட்சி. அதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

ஏரியில் போய் ஸ்டாண்டைக் கழற்றினேன். ஸ்பாஞ்சு உட்கார்ந்திருந்த இடத்தில் பிறை வடிவில் பெயின்ட் மங்கியிருந்தது. விரலால் தடவினால் நறநற என்றது. வழியில் படிந்த தூசி ஸ்பாஞ்சுக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. கதவின் விளிம்பில் கொக்கி இருந்த இடம் மயிரிழை அளவு வளைந்திருந்தது. மறுநாள் எங்கள் பக்கத்து டிங்கரிங் பட்டறைக்காரரிடம் காட்டினேன். அவர் விளிம்பை விரலால் நீவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது இழுக்கிறது இந்தத் தகட்டைத்தாங்க. இது சாத்தித் திறக்கச் செஞ்ச கதவுங்க, சுமக்கச் செஞ்சது இல்லீங்க." டிக்கிக் கதவை மறுபெயின்ட் அடித்தால் விற்கும்போது புரோக்கர் முதலில் கேட்பது, "பின்னால் இடி வாங்கிய வண்டியா?" என்றுதான். அதையும் அவரே சொன்னார்.

இன்னும் இருக்கிறது. மகளின் சைக்கிளில் மேல் குழாய் தாழ்ந்து சாய்ந்திருக்கும். ஸ்டாண்டின் இரண்டு கைகளில் அது நேராக உட்காராது. சீட்டுக் கம்பிக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே தனியாக ஒரு குறுக்குக் கம்பி வாங்கி மாட்ட வேண்டும். இரண்டு சைக்கிளும் ஏறியதும் நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் பாதி மறைந்துவிடும். அவை பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. மலையில் பனி இறங்கினால் பின் விளக்குகள்தான் நம்மைப் பின்னால் வருபவருக்குக் காட்டும். அவற்றை மறைத்துக்கொண்டு ஏறுவதை விதிக்காக மட்டுமல்ல, பிள்ளையை அழைத்துப் போகும் எவரும் யோசிக்க வேண்டும். இறங்கி வரும் பேருந்து வளைவில் எதிர்ப்பட்டால், ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்றாலும் நடைமுறையில் நாம்தான் பின்னுக்கு எடுப்போம். பின் கண்ணாடியில் தெரிவதெல்லாம் சைக்கிள் கம்பி. தடுப்புச் சுவருக்கும் நம் பம்பருக்கும் எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டால், அதில் சைக்கிள்களுக்கும் ஸ்டாண்டுக்கும் இரண்டடி கழிக்க வேண்டும். அன்று மகள் இறங்கி நின்று கை காட்டித்தான் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்.

லேசான ஒரே சைக்கிள், நல்ல சாலை, பக்கத்து ஊர் என்றால் இந்த ஸ்டாண்டு போதும். அப்படி வருடக்கணக்கில் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கதவில் மாட்டும் முன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். இரண்டு சைக்கிளோடு மலை என்றால் நான் இனி தொட மாட்டேன்.

கூரை கேரியரில் பாரம் பிடித்து நிற்கும் இடம் இதைவிட எவ்வளவோ மேல். கதவுச் சட்டத்தைக் கவ்வும் நான்கு பிடிகள், குறுக்கே இரண்டு கம்பிகள், அவற்றின் மேல் சக்கரத்துக்கு ஒரு தடம், குழாயைப் பிடிக்க ஒரு கை. மைத்துனரிடம் இருக்கிறது. மூன்று முறை மேட்டூர் பக்கமும் ஒரே ஒரு முறை ஏற்காட்டுக்கும் கொண்டுபோனேன். மலையில் என் அனுபவம் அந்த ஒரு பயணம்தான், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். வளைவில் வண்டி சற்று அதிகமாகச் சாய்வது போல் இருந்தது, நிதானமாக ஓட்டியதால் பயம் வரவில்லை. விளக்கு, நம்பர் பிளேட், பின் கண்ணாடி எல்லாம் திறந்தே இருக்கும். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கார் புத்தகத்தில் பார்த்து, கம்பி, கேரியர், சைக்கிள் மூன்றையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். வெறும் சைக்கிள் எடையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

எனக்கு ஒத்துவராதது உயரம். ஸ்விஃப்ட் சுமார் 1.53 மீட்டர். கம்பியும் தடமும் ஒரு சாண், நிறுத்திய சைக்கிள் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எல்லாம் சேர்ந்து 2.7 மீட்டரைத் தொடும். எங்கள் வீட்டு போர்ட்டிகோ அவ்வளவு உயரமில்லை, ஜவுளிக்கடைகளின் அடித்தளப் பார்க்கிங்கும் இல்லை. தோட்டச் சாலைகளில் பலா மரக் கிளைகள் தாழ்ந்து வரும். மேலே சைக்கிள் இருப்பதை ஒரு நொடி மறந்தால் போதும். எங்கள் தெருவில் ஒருவர், வீட்டு வாசலில் அப்படித்தான் சைக்கிளின் ஃபோர்க்கையும் கார் கூரையையும் ஒன்றாக வளைத்தார். அப்புறம், 15 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி, சரியாகத் தடத்தில் வைக்க வேண்டும். 30 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த பிறகு அது கஷ்டம். மனைவி தனியாக எடுத்துப்போக நினைத்தால் அவரால் தூக்கவே முடியாது.

காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மாட்டும் ஸ்டாண்டுதான் வலுவில் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஊர் சின்னக் கார்கள் அந்தக் கொக்கியோடு வருவதில்லை. வெளியில் செய்து மாட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மாட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கிண்ண வகை கேரியர் ஒன்றும் உண்டு. சித்திரை வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் கூரை, அதில் படிந்த தூசி, இரண்டையும் நினைத்து அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, உள்ளே வைப்பது. இங்கே பாரம் எதிலும் தொங்குவதில்லை, காரின் தரையில் கிடக்கிறது. தளர்வதற்குக் கொக்கி இல்லை, நனைவதற்கு மழை இல்லை, தேய்வதற்குப் பெயின்ட் இல்லை. டீ குடிக்க நிறுத்தினால் காரைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

பின் சீட்டை மடக்கினால் டிக்கி வாயிலிருந்து முன் சீட்டு முதுகு வரை நாலடிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. முன் சக்கரம் மட்டும் கழற்றினால் சைக்கிள் உள்ளே போகாது, டிக்கி சாத்தாது. இரண்டையும் கழற்றினால் தாராளமாகப் போகும். என் சைக்கிளில் நெம்பினால் திறக்கும் க்விக் ரிலீஸ். மகளுடையதில் நட்டு, 15-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். தரையில் பழைய ஜமுக்காளம், அதன் மேல் என் சைக்கிள், செயினும் கியரும் மேலே பார்க்கும்படி. அதன் மேல் மடித்த போர்வை, பிறகு அவளுடைய சைக்கிள், எதிர்த் திசையில். நான்கு சக்கரங்களும் ஒவ்வொன்றாகப் பழைய தலையணை உறைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். என் சைக்கிளில் ஆயில் டிஸ்க் பிரேக். சக்கரம் இல்லாத நேரத்தில் லீவரை யாராவது அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் நுழையாது. மடித்த அட்டைத் துண்டு ஒன்றை இடையில் செருகிவிடுகிறேன். முதல் முறை இருபத்தைந்து நிமிடம் ஆனது, இப்போது பன்னிரண்டு.

ஆனால் கட்டாமல் வைப்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மலைப்பாதையில் குரங்கு குறுக்கே பாயும், பிரேக்கை மிதிப்போம், கட்டாத 28 கிலோ இரும்பு நம் முதுகை நோக்கி வரும். வெளியே தொங்கும் சைக்கிள் விழுந்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. உள்ளே நகரும் சைக்கிள் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு ஆபத்து. பின் சீட்டின் முதுகு பூட்டிக்கொள்ள இரண்டு பக்கச் சுவரிலும் இரும்பு வளையம் இருக்கிறது. லாரி சாமான் கடையில் 600 ரூபாய்க்கு இரண்டு ராட்செட் பெல்ட் வாங்கினேன். ஒரு வளையத்திலிருந்து இரண்டு சைக்கிள் சட்டங்களின் குழாய்களுக்கு நடுவே விட்டு மறு வளையத்துக்கு ஒரு பெல்ட், சட்டங்களையும் சக்கரங்களையும் சேர்த்து இன்னொன்று. இறுக்கிய பிறகு கையால் ஆட்டினால் கார் ஆட வேண்டும், சைக்கிள் ஆடக்கூடாது. அடுக்கு முன் சீட்டின் முதுகுக்கு மேல் எழும்பக் கூடாது. அப்போதுதான் பின் கண்ணாடியிலும் சாலை தெரியும்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். காரில் இரண்டு பேர்தான் போக முடியும். மனைவி வருகிறார் என்றால் ஒரு சைக்கிள் வீட்டில் நிற்கும். கார் டயர் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில், அத்தனையையும் சாலையோரம் இறக்கித்தான் எடுக்க முடியும். ஒரு முறை நாகலூர் அருகே மழையில் அப்படி இறக்கினோம், அரை மணி நேரம் போனது. செயின் மசி சீட்டுத் துணியில் ஏறினால் லேசில் போகாது. நான்கு பேர், நான்கு சைக்கிள் என்ற குடும்பத்துக்கு இந்த வழி இல்லை. அவர்கள் கூரைக்குத்தான் போக வேண்டும், அதுவும் இரண்டு வண்டியாக.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதால், மாட்டியது சரியா என்று பார்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது. மகளின் சைக்கிளில் ரிம்மை இரு பக்கமும் கவ்வும் பிரேக். சக்கரம் வெளியே வர அதன் கம்பியை விடுவிக்க வேண்டும். திரும்ப மாட்ட மறந்தால் முன் பிரேக் கிடையாது, சுற்றுச் சாலையின் இறக்கங்களில் அது தெரிந்தால் நேரம் கடந்துவிட்டிருக்கும். அதனால் ஏரிக்கரையில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். அவள் சைக்கிளை நான் மாட்டுவேன், அவள் சோதிப்பாள். என்னுடையதையும் அவளே சோதிப்பாள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலிருந்து ஒரு தட்டு, சுழற்றி விட்டு லீவரை ஒரு பிடி, சக்கரம் சட்டென்று நிற்க வேண்டும். பிறகு நட்டை ஸ்பேனரால் ஒரு முறை தொட்டுப் பார்ப்பாள். "சரிப்பா, போலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொள்வோம்.