கோடை மேலாடைக்கு லினன் நூல்: பின்னி, அணிந்து, துவைத்த பின் ஒரு மதிப்புரை

கம்பளி நூலிலும் பருத்தி நூலிலும் பின்னிப் பழகிய கைகளுக்கு, முழுக்க லினனால் ஆன நூல் முதல் நாளில் சணலைத்தான் நினைவூட்டும். நான் வாங்கிய அடர்நீல நூலும் அப்படியே இருந்தது. நான்கு சிட்டங்கள் (சுற்றி முறுக்கிய நூல்கட்டுகள்) வாங்கினேன். ஒவ்வொன்றும் 100 கிராம் எடையும் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் கொண்டது. தோள் இறங்கிய, இடுப்பைப் பிடிக்காத, முழங்கைக்கு மேலேயே கை முடிந்துவிடும் ஒரு தளர்வான மேலாடையை அதில் பின்னி, ஒரு கோடை முழுவதும் அணிந்து, பத்துப் பன்னிரண்டு முறை துவைத்த பிறகே இதை எழுதுகிறேன். சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தோ, பின்னும்போது மணிக்கட்டு வலித்ததை வைத்தோ மதிப்பிட்டிருந்தால், இந்த நூலுக்குப் பெரிய அநீதி இழைத்திருப்பேன்.

லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் நார். தண்டை நீரில் ஊறவைத்தோ வயலில் பனிபடக் கிடத்தியோ, நாரைப் பிணைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் கரைத்த பிறகே நாரைப் பிரிக்க முடியும். அந்தப் பசையில் கொஞ்சம் நாரிலேயே தங்கிவிடுவது புது நூலின் விறைப்புக்கு ஒரு காரணம். பின்னுபவருக்கு அதைவிட முக்கியமானது நாரின் நீளாத தன்மை. கம்பளி நார் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீண்ட பிறகே அறும். ஆளி நாரோ 2 அல்லது 3 விழுக்காடு நீள்வதற்குள் அறுந்துவிடும். ஆகையால் கண்ணியை, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையத்தை, இழுக்கும்போது நூல் சற்றும் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பளியில் நூல் செய்யும் வேலையை இங்கே விரல்களே செய்ய வேண்டியிருக்கிறது. நான் முதல் மாலையில் இரண்டு மணி நேரம் பின்னிவிட்டு, மறுநாள் ஊசியைத் தொடவே இல்லை. பிறகு பிடியைத் தளர்த்தி, நூலை ஈரக் கையால் தடவிக்கொண்டு பின்னியபோது வேலை எளிதாயிற்று. ஈரத்தில் ஆளி நாரின் வலிமை கூடுமே தவிரக் குறையாது என்பதால், இப்படி நனைப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தன, 3.75 மில்லிமீட்டர் மூங்கில் வட்ட ஊசிக்கு மாறிய பின் அந்தத் தொல்லை நின்றது.

சிட்டத்தை உருண்டையாகச் சுற்றும்போதும் கவனம் தேவை. நூல் வழுவழுப்பானது என்பதால், உள்முனையிலிருந்து இழுத்துப் பின்னும் உருண்டை பாதியிலேயே சரிந்து சிக்காகிவிடுகிறது. வெளிமுனையிலிருந்து எடுப்பதும், உருண்டையைப் பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டுவைப்பதும் போதுமான தீர்வு.

குறை சொல்ல வேண்டிய இடங்கள் இரண்டு. இரண்டாவது சிட்டத்தில் மட்டும் மூன்று முடிச்சுகள் இருந்தன. கம்பளியாக இருந்தால் நுனிகளை ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்தே ஒட்டிவிடலாம். லினன் அப்படி ஒன்றோடொன்று பிணையாது. ஒவ்வொரு முடிச்சையும் வெட்டி, 15 சென்டிமீட்டர் நுனி விட்டு, பின்புறத்தில் திசை மாற்றி மாற்றிச் செருகினேன். அப்படியும் ஒரு நுனி மூன்றாவது துவைப்பில் வெளியே வந்துவிட்டது. இந்த விலைத் தரத்திலுள்ள நூலில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது அன்று.

இரண்டாவது குறை, சிட்டத்தோடு வந்த அட்டையைப் பற்றியது. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. துவைப்பதற்கு முன்பா பின்பா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. லினனில் இந்த ஒரு சொல்தான் ஆடையின் அளவையே தீர்மானிக்கிறது. நல்ல வேளையாக, மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னித் துவைத்து, கீழ்விளிம்பில் துணிக் கவ்விகளை மாட்டி இரண்டு நாள் தொங்கவிட்டிருந்தேன். 10 சென்டிமீட்டர் அகலத்தில் இருந்த 22 கண்ணிகள் 23 ஆயின. அதே அளவு உயரத்தில் இருந்த 30 வரிசைகள் 28 ஆயின. சிறிய மாற்றம்போலத் தோன்றினாலும், 242 கண்ணிகளில் 110 சென்டிமீட்டர் சுற்றளவு வர வேண்டிய ஆடை 105 சென்டிமீட்டராகக் குறுகும். 56 சென்டிமீட்டர் உயரம் 60 ஆக இறங்கும். என் மார்புச் சுற்றளவு 95 சென்டிமீட்டர் என்பதால், 10 சென்டிமீட்டர் தளர்வு போதும் என்று முடிவுசெய்து, உயரத்தை மட்டும் முன்கூட்டியே குறைத்துக்கொண்டேன். மாதிரித் துண்டு பின்னச் சோம்பல்படுபவர்கள் (நானும் கம்பளியில் அந்தக் கட்சிதான்) லினனில் அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஆனாலும் ஒரு தவறு செய்தேன். கீழ்விளிம்பில் இரண்டு நேர்க்கண்ணி (முன்பக்கம் தட்டையாகத் தெரிவது), இரண்டு எதிர்க்கண்ணி (முன்பக்கம் மேடாகத் தெரிவது) என்று வழக்கமான பட்டை வைத்தேன். சுருங்கிப் பிடிக்கும் தன்மை இந்த நூலுக்கு இல்லை என்று தெரிந்திருந்தும் பழக்கம் வென்றுவிட்டது. இரண்டு முறை அணிந்ததும் பட்டை தொய்ந்து, அலையலையாக நின்றது. மேலிருந்து கீழாகப் பின்னியிருந்ததால் பிரிப்பது எளிதாக இருந்தது. ஒரு சுற்று நேர்க்கண்ணி, ஒரு சுற்று எதிர்க்கண்ணி என்று ஆறு சுற்றுகள் இட்டு முடித்தேன். விளிம்பு இப்போது படிந்து நிற்கிறது. ஆடையின் முழு எடையையும் தோள்வரி தாங்குவதால், அங்கே உட்புறம் மெல்லிய பருத்தி நாடா ஒன்றையும் வைத்துத் தைத்திருக்கிறேன்.

முறுக்கு விஷயத்தில் இந்த நூலைப் பாராட்ட வேண்டும். முன்பு ஒற்றைப்புரி (ஒரே இழையால் ஆன) லினனில் வட்டமாகப் பின்னிய ஓர் ஆடை, துவைத்ததும் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, பக்கவரி தொப்புள்வரை வந்துவிட்டது. இதில் இரண்டு புரிகள் எதிர்த்திசையில் சமமாக முறுக்கப்பட்டிருப்பதால், கண்ணிகள் நேராக நிற்கின்றன. பின்னும்போது மேடுபள்ளமாகத் தெரிந்த வரிசைகளும் முதல் துவைப்பிலேயே பெரும்பாலும் சமன்பட்டுவிட்டன. அந்தத் துவைப்பில் நீலம் நிறையவே இறங்கியது. மூன்றாவது துவைப்புக்குப் பின் தண்ணீர் தெளிந்துவிட்டது.

அணியும்போதுதான் இந்த நூலின் அருமை புரிகிறது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டும் துணி முதுகில் ஒட்டுவதில்லை. கண்ணிகளின் இடைவெளியில் காற்று தடையின்றி நுழைகிறது. முடிந்த ஆடை 350 கிராம் எடையுள்ளது. அந்த எடையே அதைக் கீழ்நோக்கி நீர்போல விழச் செய்கிறது. நெய்த லினன் சட்டையைப் போல இது கசங்குவதும் இல்லை. கையால் மட்டுமே துவைக்குமாறு அட்டை சொன்னபோதிலும், ஐந்தாவது முறையிலிருந்து வலைப்பையில் இட்டு இயந்திரத்தில் துவைத்துவருகிறேன். பாதகம் எதுவும் இல்லை.

உடலோடு ஒட்டிய ஆடைக்கும், புதிதாகப் பின்னக் கற்பவருக்கும் இந்த நூலை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளர்வான மேலாடைக்கு மீண்டும் இதையே வாங்குவேன். அடுத்த முறை சிட்டங்களை ஒருமுறை துவைத்து உலர்த்திய பின்பே ஊசியில் ஏற்றுவேன். மீந்த அரைச் சிட்டத்தில் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றைப் பின்னினேன். அன்றாடம் துவைக்கப்படுவதால், அது இப்போது மேலாடையைவிட மென்மையாக இருக்கிறது.